நாற்காலி போன வழி

அக்கா கடைசியாகச் செய்த வேலை, ஒரு டிரில் மெஷின் யார் வீட்டில் இருக்கிறது என்று சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்திருந்தது. முன்னறையில் சாய்வு நாற்காலியில் அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். தங்கை சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் திறந்தே கிடக்கும் வாசலில் மூன்றாம் மாடி வேன்காரர் வந்து நின்றார்.

"அக்கா, டிரில் யார்கிட்ட இருக்கு? திரைச்சீலைக் கம்பி மாட்டணும்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "மெஷின் நர்ஸ் வீட்டுல. ஓட்டை போடற பிட்டு டப்பா தையற்காரம்மாகிட்ட. நர்ஸும் கைக்குழந்தையும் தூங்குவாங்க. பெல் அடிச்சுடாத, மாமியாரைக் கூப்பிடு."

"சரிக்கா."

"ஜன்னலுக்கு மேல ஒயர் போகுது, பாத்து."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. தங்கை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "சாப்பிட்டது செரிக்கறதுக்குள்ள எக்ஸ்சேஞ்ச் திறந்தாச்சா?"

"நீ பாத்திரத்தைத் தேய். ரொம்ப அழுத்தித் தேய்க்காத. ஓட்டை விழுந்துச்சுன்னா அதுக்கும் நான்தான் ஆள் தேடணும்."

தங்கை சிரித்தாள். அக்காவும் சிரித்தாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே டிரில் ஓடத் தொடங்கியது. கட்டடமே பல் கூசுவதுபோல் அதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டால் அக்கா, யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும், "மெதுவாப்பா, மெதுவா" என்பாள். அன்று சொல்லவில்லை. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது அக்கா அதே நாற்காலியில், அதே சாய்வில் இருந்தாள். மேலே டிரில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இல்லை.

இருவரும் ஒரே வீட்டில் பல வருடங்களாக இருந்தவர்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டு, அது சரிப்படாமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது, கோணலாய் உட்காரும் ஃப்ரேமை முகத்துக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுப்பது. கட்டடத்தில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். அக்காவுக்கு எக்ஸ்சேஞ்ச் அக்கா.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்சேஞ்ச் அறையில் டெலிபோன் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தவள் அக்கா. எந்த டாக்டர் எந்த வார்டில் இருக்கிறார், யார் சாப்பிடப் போயிருக்கிறார், யாரைக் கூப்பிட்டால் கோபம் வரும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. எல்லோர் பையிலும் ஆளுக்கொரு போன் வந்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைக்குள் இருந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் சில மாதம் சுற்றி வந்தாள்.

அப்போதுதான் மாடிப்படிக்கு அடியில் குப்பை வைக்கும் இடத்தில் ஒரு டிரில் மெஷின் கிடந்தது. வீடு காலி செய்துகொண்டு போன யாரோ போட்டுவிட்டுப் போனது. அக்கா எடுத்துவந்து செருகிப் பார்த்தாள். பட்டென்று ஓடியது. அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுல இது இருக்கா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருந்தது. வாங்கிய அன்று நாலு ஓட்டை போட்டதோடு சரி, அட்டைப்பெட்டியோடு அலமாரிக்கு மேல் போய்விட்டது.

"மலையை வெட்டி, இரும்பை உருக்கி, கப்பல்ல ஏத்தி, எங்கிருந்தோ கொண்டு வர்றாங்க. நாம நாலு ஓட்டை போட்டுட்டுத் தூங்க வச்சுடறோம்" என்று அன்று சாப்பிடும்போது சொன்னாள்.

"அதுக்கு என்ன பண்ணணுங்கற? உலகத்தையே நீ காப்பாத்தப் போறியா?"

"உலகம் பெரிசுடி. நான் இந்த மாடிப்படியை மட்டும் பாத்துக்கறேன்."

யாரையும் எதையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பழுதாகிவிட்டால் புதிது வாங்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேள் என்று மட்டும் சொல்லிவைத்தாள். ஒவ்வொன்றாகப் பழுதாகின. கேட்டார்கள். சில வருடங்களில் அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு ஒரு டிரில், ஓர் ஏணி, விருந்தாளிகள் வந்தால் சமைக்கும் பெரிய பாத்திரங்கள், சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ், மடக்குக் கட்டில், சக்கர நாற்காலி, கைக்குழந்தைக்குத் தேவையான அத்தனையும் என்று ஒரு குடும்பத்தின் சாமான்களே சேர்ந்துவிட்டன. எல்லோருக்கும் பொது.

அதில் ஒரு விதி இருந்தது. வேலை முடிந்ததும் பொருளைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கடைசியாக யார் எடுத்தார்களோ அவர்கள் வீட்டிலேயே இருக்கும். அடுத்த ஆள் வந்து அக்காவைக் கேட்பார். அக்கா இடத்தைச் சொல்வாள். இரண்டு அறை வீட்டில் இதையெல்லாம் வைக்க இடமில்லை என்பது ஒரு காரணம். "பொருளுக்கு எதுக்கு வீடு? மனுஷங்களுக்குப் போதும்" என்பது அவள் சொன்ன காரணம்.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை. கேட்டு வாங்குவது என்றாலே அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கைமாற்றாக ஒரு பிடி உப்பு வாங்குவதற்குப் பதில் உப்பில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். "இப்படியே போனா மூக்கைச் சிந்தறதுக்கும் பக்கத்து வீட்டுக் கைக்குட்டையைத்தான் கேக்கணும்" என்று ஒருமுறை எரிந்து விழுந்தாள்.

அக்கா, "கேக்கறதுல என்னடி கேவலம்? கேக்க மாட்டேன்னு ஆளாளுக்குப் பிடிவாதம் பிடிச்சுத்தான் ஊர் பூராக் குப்பையாக் கிடக்கு" என்றாள்.

சாய்வு நாற்காலியும் அப்படிக் குப்பையிலிருந்து வந்ததுதான். மரச்சட்டம், நடுவில் தொய்வாகத் தொங்கும் கெட்டித் துணி. பிள்ளை பெற்றவர்கள், காலில் கட்டுப் போட்டவர்கள், முதுகு பிடித்துக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய்வந்தது. கடைசி மாதங்களில் அக்காவுக்கு முதுகுவலி. நாற்காலி அப்போது நர்ஸ் வீட்டில் இருந்தது, நர்ஸுக்கு நிறைமாதம். தங்கை போய்க் கேட்கிறேன் என்றுகூடச் சொன்னாள், ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிரித்தெடுத்துக்கொண்டு. அக்கா விடவில்லை. "அவ இறக்கி வைக்கட்டும். நான் வயித்துல ஒண்ணும் தூக்கிட்டு நிக்கல" என்று, குழந்தை பிறந்து வீட்டுக்கு வரும்வரை பலகைக் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தாள்.

அதனால்தான் நாற்காலி அந்த ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வீட்டில் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை வேன்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈரத்துணியால் துடைத்திருந்தார், கால்களில் இருந்த சுண்ணாம்புப் புள்ளிகளைக்கூடச் சுரண்டியிருந்தார்.

"எங்க வைக்கட்டும்?"

"எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?"

"அக்காவோட பொருள். இனிமே எங்க வீட்டுல வச்சுக்கறது நல்லா இருக்காது" என்றார். கண் கலங்கியிருந்தது. தங்கை சுவரோரம் இடம் காட்டினாள்.

அவரைப் பார்த்துத் தையற்காரம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதற்றத்தில் அவர் திருப்பிக் கொடுத்திருந்த பிட்டு டப்பாவோடு வந்தாள். டப்பாவுக்குள் ஒரு துணி விரித்து, கம்பிகளை அளவுவாரியாக அடுக்கி. அவளைப் பார்த்து நர்ஸின் மாமியார், அதேபோல் திரும்பி வந்திருந்த டிரில்லோடு வந்தார். பெரிய பாத்திரங்கள் பளபளவென்று விளக்கப்பட்டு வந்தன. சூட்கேஸ் வந்தது, மடக்குக் கட்டில் வந்தது. சக்கர நாற்காலியைத் தரைத்தளத்திலிருந்து இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். ஒவ்வொருவரும் வாசலில் நின்று அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். ஒருவர்கூட எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. அவ்வளவு நல்லவர்கள். அந்த நல்ல குணத்தாலேயே, அக்கா இத்தனை வருடம் கட்டியதை ஒரே வாரத்தில் பிரித்து அவள் வீட்டு முன்னறையில் அடுக்கிவிட்டார்கள்.

முதலில் அது தங்கைக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வீடு நிறைந்திருந்தது. பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும், இடித்துக்கொண்டால் "சே, இவளோட" என்று அக்காவைத் திட்டலாம். நடுவில் நாற்காலி. அதில் அவள் உட்காரவில்லை. ஒரு போர்வையைப் போர்த்தினாள். துணி தொய்ந்த இடத்தில் போர்வையும் தொய்ந்து கிடந்தது. யாரோ எழுந்து போன இடம் மாதிரி. வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

பிறகுதான் கவனித்தாள். யாரும் வருவதில்லை.

வாசல் திறந்துதான் இருந்தது. படியேறுகிறவர்கள் உள்ளே பார்க்காமல், பார்த்தால் சங்கடம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். துக்கவீட்டு வாசலில் நின்று ஏணி இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்? ஒருநாள் மேலே டிரில் ஓடியது. மெஷின் இவள் காலடியில் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து வேறொரு வீட்டிலும் ஓடியது. மாடிப்படிக்கு அடியில் புத்தம்புது அட்டைப்பெட்டிகள் நின்றன. உள்ளே அடைத்துவரும் வெள்ளைத் தெர்மகோல், கசங்காத பிளாஸ்டிக் உறைகள். கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிய சாயங்காலம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குப்பை என்று சொல்ல முடியாத அளவுக்குப் புதிதாக இருந்தது. அக்கா செத்தது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினாள். தையற்காரம்மாவைப் பிடித்து, "எது வேணும்னாலும் என்னைக் கேளுங்க, எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றாள். தையற்காரம்மாவிடம் சொன்னால் கட்டடத்தின் காதில் போட்டதுபோல்.

வந்தார்கள். ஆனால் அவள் அக்கா இல்லை. கடையில் ஒரு ஃப்ரேமைப் பார்த்தால் எந்த முகத்தினுடையது என்று சொல்லிவிடுவாள். எந்த வீட்டுக்கு எது போனது என்பது மட்டும் தலையில் நிற்கவில்லை. விருந்தாளிகளுக்குச் சமைக்கப் பாத்திரம் கேட்ட வேன்காரரை நர்ஸ் வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே இருந்தது சூட்கேஸ்.

அவர் சூட்கேஸோடு திரும்பி வந்து நின்றார். "இதுல எப்படிங்க சமைக்கறது?"

"மன்னிச்சுக்குங்க. பாத்திரம் வேற யார்கிட்டயோ..."

"பரவால்ல. வர்றவங்களை வேணா இதுல ஏத்தித் திருப்பி அனுப்பிடறேன்."

அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. அவர் பதறிப்போய்ச் சூட்கேஸை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். இன்னொரு தொல்லையும் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் மரியாதை வந்து, எல்லோரும் வேலை முடிந்த கையோடு பொருளைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். எவ்வளவு போனதோ அவ்வளவும் திரும்பி வந்தது.

ஒருநாள் காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் ஏணியின் கால் தட்டி, மடக்குக் கட்டிலின் மேல் விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். எழுந்து நேராகப் படிக்கட்டுக்குப் போய், மேலும் கீழும் கேட்கிற மாதிரி கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. வீடுகள் திறந்தன.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. யாருக்கு எது வேணுமோ எடுங்க, வேணாம்னாலும் எடுங்க. திரும்ப என் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க."

"அப்ப வேற யாராவது கேட்டா?" என்றாள் தையற்காரம்மா, வாயில் ஊசியோடு.

"நீங்களே குடுங்க."

"அவங்க என்கிட்ட இருக்குன்னு எப்படிங்க கண்டுபிடிப்பாங்க?"

"எனக்கு என்ன தெரியும்? முன்ன யார்கிட்ட இருந்துச்சோ அவங்களைப் போய்க் கேக்கட்டும். நீங்க யாருக்குக் குடுத்தீங்கன்னு நீங்க ஞாபகம் வச்சுக்குங்க. அதுகூடவா முடியாது? ஒரே ஒரு ஆள்."

கோபத்தில் வந்த பேச்சு. யோசித்துச் சொன்னது இல்லை. ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அவள் வந்தபோது முன்னறையில் தரை தெரிந்தது. போர்வை போர்த்திய நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை.

அவள் தப்பித்தோம் என்று இருந்தாள். அந்த வாரமே படிக்கட்டில் காலடிச் சத்தம் கூடியது. ஏறுவார்கள், ஒரு கதவு தட்டப்படும், பேச்சு, இறங்குவார்கள், இன்னொரு கதவு. தையற்காரம்மா மூச்சு வாங்க வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"ஒரு டிரில்லுக்காக நாயாப் பேயா அலைய வச்சுட்டீங்களே. வேன்காரர் நர்ஸுன்றார், நர்ஸு மேல்மாடிக் கணக்கு வாத்தியார்ன்றா, வாத்தியார் கீழ்வீட்டுப் பையன்கிட்டன்றார். அவன் வீட்டைப் பூட்டிட்டு ஆபீஸ் போயிட்டான்."

"கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. ஆனா நர்ஸு குழந்தைக்குப் பல்லு வருது. வாத்தியாருக்கு நெஞ்சுல ஆபரேஷனாம், தேதி குடுத்துட்டாங்களாம். ஒரே படிக்கட்டுல இருக்கோம், எனக்குத் தெரியல பாருங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா இருந்தப்ப அவங்களை மட்டும் கேட்டுட்டு நேராப் போய் எடுத்துக்குவோம். நடுவுல யார் வீட்டுலயும் நிக்கமாட்டோம்" என்றாள்.

குறை சொல்கிறாளா, புகழ்கிறாளா என்று தங்கைக்குப் பிடிபடவில்லை. எழுந்து டீ போட்டாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. பெரிய பாத்திரம் ஒன்று போன இடமே தெரியவில்லை. ஒருநாள் டிரில்லின் சுவிட்ச் உடைந்து, யார் உடைத்தது என்று இரண்டு வீட்டுக்கு வாய்ச்சண்டை நடந்தது. புது டிரில் வாங்கியவர்கள் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடவில்லை; அவற்றையும் பொதுவில் கைமாற விட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. அக்கா தலையில் மொத்தமாகச் சுமந்ததை இப்போது ஆளுக்கு ஒரு துண்டாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மறந்தால் அடுத்தவர் ஞாபகப்படுத்தினார். ஒருவர் செத்தால் நின்றுபோகாது என்று தங்கைக்கு ஒருநாள் கடையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அக்காவுக்கு இது தோன்றாமல் போனதே என்று நினைத்து, உடனே அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கணக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் மனைவி வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை.

"அவருக்கு நெஞ்சுல தையல். மட்டமாப் படுக்கக் கூடாதாம். சாஞ்சபடிதான் தூங்கணுமாம், ரெண்டு மாசம். தலகாணியை அடுக்கிச் சுவத்துல சாய்ச்சு வச்சா சரிஞ்சு சரிஞ்சு விழறார்." கண் போர்வையின் மேல் போய்த் திரும்பியது. "அதை... குடுப்பீங்களா?"

ஏணியென்றால் ஏணி, கட்டில் என்றால் கட்டில். இது அப்படியா? அக்காவின் கடைசி மூச்சு அதில்தான் இருந்தது. அந்தப் பள்ளம் அவள் உடம்பு விட்டுப்போன பள்ளம். இன்னொருவர் உட்கார்ந்தால் அது போய்விடும், போனால் திரும்பாது.

"அது மட்டும் வேண்டாங்க" என்றாள்.

"ஐயோ, கேட்டிருக்கக் கூடாது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. புதுசு ஒண்ணு பாத்து வச்சிருக்கோம், இன்னிக்கே சொல்லிடறோம்" என்று அந்த அம்மாள் அவளைவிட வேகமாகப் பின்வாங்கினார்.

அவர் போனபின் அவள் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகு போர்வையை எடுத்தாள். அக்கா போனதற்குப் பிறகு முதல்முறையாக அதில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் உடம்பு இடது பக்கமாகச் சரிந்தது. நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி இடது பக்கம். எழுந்து, குனிந்து, கடையில் ஃப்ரேமைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோணல் பார்ப்பதுபோல் துணியைப் பார்த்தாள். இடப்பக்கம்தான் அதிகமாகத் தொய்ந்திருந்தது. அக்காவுக்கு முதுகில் வலி இடது பக்கம். அந்தப் பக்கம் பாரமே வைக்கமாட்டாள், எப்போதும் வலது கையை ஊன்றித்தான் சாய்ந்திருப்பாள். இந்தத் தொய்வு அவளுடையது இல்லை. கால் கட்டோடு மாதக்கணக்கில் கிடந்த யாரோ, நிறைவயிற்றோடு இடது பக்கமே சாய்ந்து கிடந்த நர்ஸ், அவளுக்கு முன்னால் வேறு யாரோ. அக்கா சில வாரங்கள்தான் உட்கார்ந்தாள். அவள் விட்டுப்போன அடையாளம் இருந்தால் அதுவும் இதற்குள்தான் இருக்கும், எல்லோருடையதோடும் கலந்து.

ஒரு முகத்துக்கு வளைத்த ஃப்ரேம் இன்னொரு முகத்தில் உட்காராது. அதை அவள் தினமும் பார்க்கிறாள். இந்தத் துணி எல்லோருக்கும் வளைந்திருந்தது.

இத்தனை நாள் யாருக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அழுதுகொண்டேதான் சிரித்தாள். பிறகு நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள்.

வாத்தியார் சுவரோரம் தலையணைக் கோட்டைக்குள் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி போனில் கடைக்காரரிடம் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தங்கை நாற்காலியைப் பிரித்துப் போட்டு, சாய்வுக் கம்பியைச் சரிசெய்தாள். போனைக் கையால் மூடிக்கொண்டு அந்த அம்மாள் பார்த்தார்.

"வேணாம்னு சொல்லிடுங்க. இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும், ஒரு துண்டை மடிச்சு வச்சுக்குங்க" என்றாள் தங்கை.

வாத்தியாரை இருவரும் பிடித்து மெல்ல இறக்கினார்கள். அவர் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு முழுதாக விட்டார். வந்ததிலிருந்து அப்படி விடவில்லை என்று அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உங்க அக்கா மாதிரி ஒரேயடியாத் தூங்கிடமாட்டேன். பயப்படாதீங்க" என்றார்.

"என்ன பேச்சு பேசறீங்க?" என்று மனைவி பதறினார்.

"பேசட்டும் விடுங்க" என்றாள் தங்கை. "அவ இருந்தா இதைவிட மோசமாச் சொல்லியிருப்பா."

"என்ன சொல்லியிருப்பாங்க?"

தங்கை யோசித்தாள். "சீக்கிரம் எழுந்திருங்க, கீழ ஆள் காத்திருக்குன்னு சொல்லியிருப்பா."

அவர் சிரிக்கப் போய், தையல் வலித்து, இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவைக்காதீர்கள் என்று சைகை காட்டினார். அவள் கிளம்பும்போது அவர் தூங்கிப்போயிருந்தார்.

அக்கா போய் ஒரு வருடம் ஆன நாளில் தங்கை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த நாற்காலியை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது. கேட்கத்தான் வேண்டும், இப்போது நாக்கு அவ்வளவாக ஒட்டிக்கொள்ளவில்லை. மேல்மாடிக்குப் போனாள். வாத்தியார் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார். "நாங்க தையற்காரம்மாவுக்குக் குடுத்துட்டோமே" என்றார் அவர் மனைவி. தையற்காரம்மா, "எங்க வீட்டுக்காரர் காலு சரியானதும் நர்ஸு மாமியாருக்கு அனுப்பினேன்" என்றாள். டீ குடிக்காமல் விடவில்லை. நர்ஸின் மாமியார் கொஞ்சம் தயங்கினார்.

"கேக்காமக் குடுத்துட்டேன். எதிர்க் கட்டடத்துல என் தம்பி பொண்ணு இருக்கா, அவளுக்கு இது நிறைமாசம். இப்ப அங்கயும் ஏதோ ஆரம்பிச்சிருக்காங்களாம், ஒருத்தர் பொருளை ஒருத்தர். வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம். அவ இறக்கி வைக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தங்கைக்கு உறைத்தது. "நல்லா இருக்கா நாற்காலி?"

"துணி கிழிஞ்சு போச்சுன்னு புதுத்துணி மாத்தியிருக்காங்க. பச்சை. சட்டம் அதேதான்."

அந்தப் பழைய துணியும் போயாயிற்று. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். எங்கேயாவது வலிக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. எதிர்க் கட்டடத்து ஜன்னல்களை இங்கிருந்தே பார்க்கலாம். எது என்று கேட்கவில்லை.

படிக்கட்டில் ஏதோ மரத்தில் இடிபடும் சத்தமும், வேன்காரர் தனக்குத்தானே திட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டன. வெளியே வந்து பார்த்தாள். ஏணியின் ஒரு முனை சுவரில் முட்டி, மறுமுனை கைப்பிடிக் கம்பிக்குள் சிக்கி, நடுவில் அவர் குனிந்து நின்றார்.

"எதிர்க் கட்டடத்துல கேட்டாங்க. ஒத்தை ஆளாக் கொண்டு போயிடலாம்னு பாத்தேன்."

"தூக்குங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். கம்பிக்கு மேல, இன்னும் மேல. இப்ப திருப்புங்க."

இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடித் திருப்பத்தில், அந்த ஏணி ஓர் ஆளால் திரும்பாது.